மூட்டுக்கு ஒரு கோப்பு, மூச்சுக்கு ஒரு கோப்பு

போன புதன்கிழமை சாயங்காலம் எதிர்வீட்டுப் பெண் ஒரு பழுப்பு உறையோடு வந்தாள். "மாமா, இதையும் சேர்த்து வச்சிடுங்க" என்றாள். உறைக்குள் ஊதிப் பார்க்கும் பரிசோதனையின் தாள் ஒன்று, டாக்டர் எழுதிய சீட்டு ஒன்று. போன வருடத்துத் தாளையும் இதையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். எண்கள் ஏறக்குறைய அப்படியே இருந்தன. அவளுக்கு வந்திருக்கும் நோயில் "குறையவில்லை" என்பதுதான் நல்ல செய்தி. கோப்பை எடுத்து, துளை போட்டு, நாடாவில் கோத்து, மூலையில் 61, 62 என்று பக்க எண் போட்டேன். அவள் காபி குடித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போனாள்.

ஓய்வு பெற்ற கிளார்க்குக்கு வேறு வேலை இல்லையா, அடுத்த வீட்டுப் பெண்ணின் மருத்துவக் காகிதங்களுக்கு எதற்குப் பக்க எண் என்று நீங்கள் கேட்கலாம். அதற்குப் பதில் சொல்ல என் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்ல வேண்டும் என்று பல வருடங்களாக நினைத்து, தள்ளிப் போட்டு வந்தேன். ஏனென்றால் அந்தக் கதையில் தவறு செய்தவர்களில் நானும் ஒருவன்.

அக்கா எனக்கு எட்டு வயது மூத்தவள். அத்திம்பேர் போன பிறகு எங்களோடேயே இருந்தாள். அறுபது வயதுக்கு மேல் அவளுக்கு முடக்குவாதம் வந்தது. வயதானால் முழங்கால் தேய்ந்து வரும் வலி வேறு, இது வேறு. காலையில் எழுந்தால் ஒரு மணி நேரத்துக்கு விரலை மடக்க முடியாது. இரண்டு கை மணிக்கட்டும் ஒரே மாதிரி வீங்கும். இரத்தப் பரிசோதனை செய்து, இன்னதென்று சொல்லி, மாத்திரையும் கொடுத்தார்கள். வாரம் ஒரு நாள் சாப்பிடும் மாத்திரை, வலிக்கு ஒன்று, வயிற்றுக்கு ஒன்று. அந்தக் காகிதங்களை எல்லாம் ஒரு பச்சை பிளாஸ்டிக் உறையில் போட்டு, மேலே "அக்கா - மூட்டு" என்று எழுதி பீரோவில் வைத்தேன். வலி அதிகமான நாட்களில் என் மனைவி கல் உப்பை வாணலியில் வறுத்து, துணியில் முடிந்து, ஒத்தடம் கொடுப்பாள். அந்த உப்பு சூடேறும்போது படபடவென்று பொரியும் சத்தம் சமையலறையிலிருந்து கேட்கும். இந்த உப்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அதற்கு வருகிறேன்.

பத்து வருடம் இப்படி ஓடியது. 2013 மழைக்காலத்தில் அக்காவுக்கு இருமல் ஆரம்பித்தது. சளி இல்லாத வறட்டு இருமல். மழை நின்றது, இருமல் நிற்கவில்லை. தெருமுனை டாக்டர் சிரப் கொடுத்தார். அடுத்தவர் அலர்ஜி என்றார். இன்னொருவர், வயிற்றுப் புளிப்பு மேலே வருகிறது, அதனால் இருமல் என்றார். ஒருவர் உறிஞ்சும் மருந்து கொடுத்தார். நானும் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு புதிய நீல உறையை எடுத்துக்கொண்டு போனேன். மேலே "அக்கா - இருமல்" என்று எழுதியிருந்தேன்.

அவள் மாடிப்படியில் பாதியில் நிற்க ஆரம்பித்ததை நான் பார்த்தேன். நின்று முந்தானையைச் சரி செய்துகொள்வாள். முந்தானை சரியாகத்தான் இருக்கும். பிறகு, முழங்கால் வலி என்று சொல்லி, மாடிக்குப் போவதையே விட்டுவிட்டாள். வடாம் காயப்போட என் மனைவி மட்டும் போனாள். "மூச்சு வாங்குதா?" என்று டாக்டர் கேட்டால், "இல்லைங்க" என்பாள். அது பொய்யும் அல்ல. உட்கார்ந்த இடத்தில் யாருக்கு மூச்சு வாங்கும்? மூட்டு நோய் செய்யும் பெரிய சூது இது. மூட்டு வலியால் நடப்பது குறைகிறது. நடப்பது குறைவதால் மூச்சு வாங்குவது வெளியே தெரிவதில்லை. தெரிய வரும்போது காலம் கடந்துவிடுகிறது.

எக்ஸ்ரேயில் நிழல் தெரிந்தது. சளியில் கிருமி தென்படவில்லை. ஆனாலும் காசநோயாக இருக்கலாம் என்று மாத்திரை ஆரம்பித்தார்கள். நம் நாட்டில் நெஞ்சில் நிழல் தெரிந்தால் காசநோயை முதலில் நினைப்பதில் தவறில்லை, அவ்வளவு பேருக்கு இருக்கிறது. ஐந்து மாதம் சாப்பிட்டாள். எடை குறைந்தது, பசி போனது, இருமல் மட்டும் போகவில்லை.

கடைசியில் வேறொரு மருத்துவமனையில், முப்பது வயதுகூட நிரம்பாத ஒரு பெண் டாக்டர் அக்காவைப் பார்த்தார். முன்பக்கம் வைத்துக் கேட்டார். பிறகு, "அம்மா, கொஞ்சம் குனிஞ்சு உட்காருங்க" என்று சொல்லி, சேலையை விலக்கி, முதுகின் அடிப்பகுதியில் இரண்டு பக்கமும் நிதானமாகக் கேட்டார். கேட்டுவிட்டு அக்காவின் கையைப் பிடித்துப் பார்த்தார். "விரல் எத்தனை வருஷமா இப்படி இருக்கு?" என்றார். "பத்து, பதினொரு வருஷம்" என்றேன். "அந்த ஃபைல் எங்கே சார்?"

"அது மூட்டு ஃபைல், டாக்டர். வீட்டில் இருக்கு" என்றேன்.

முப்பத்தாறு வருடம் அரசாங்க அலுவலகத்தில் கோப்பு கட்டியவன் சொன்ன பதில் இது. இரண்டு கோப்புகள் ஒன்றுக்கொன்று தொடர்புள்ளவை என்றால், இணைப்புக் கோப்பு என்று குறிப்பு எழுதி, இரண்டையும் சேர்த்துக் கட்டித்தான் மேலதிகாரிக்கு அனுப்ப வேண்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் சொல்லிக் கொடுக்கும் பாடம் அது. ஓர் ஓய்வூதியக் கோப்பை இணைப்பு இல்லாமல் அனுப்பியதற்காக ஒரு சின்னப் பையனை நான் திட்டியிருக்கிறேன். என் அக்காவின் இரண்டு உறைகளும் ஒரே பீரோவில், ஒரே தட்டில் இருந்தன. பச்சையையும் நீலத்தையும் நான் ஒரு நாளும் சேர்த்துக் கட்டவில்லை.

விவரமான ஸ்கேன் எடுத்தார்கள். முடக்குவாதம் நுரையீரலையும் பிடித்திருந்தது. இரண்டு பக்கமும் அடிப்பகுதி தழும்பு கட்டிப் போயிருந்தது. அதற்குப் பிறகு பதினான்கு மாதங்கள் இருந்தாள், கடைசி ஐந்து மாதம் ஆக்சிஜன் இயந்திரத்தோடு. 2016 தை மாதம் போய்ச் சேர்ந்தாள்.

*

அக்கா போன பிறகு நான் படிக்க ஆரம்பித்தேன். பள்ளிக்கூடம் முழுவதும் பிரெஞ்சில் படித்தவன் என்பதால் அந்த மொழியில் கிடைத்ததையும் படித்தேன். நான் டாக்டர் இல்லை. கீழே எழுதுவது ஒரு கிளார்க் புரிந்துகொண்டது. ஓய்வு பெற்ற மருத்துவ நண்பர் ஒருவர் படித்துப் பார்த்துத் திருத்திக் கொடுத்தார்.

இந்த நோய்களுக்கு இணைப்புத் திசு நோய்கள் என்று பெயர். முடக்குவாதம், லூபஸ், தோல் இறுகிப்போகும் ஸ்க்லீரோடெர்மா, கண்ணும் வாயும் வறண்டுபோகும் ஷோகிரன் நோய், தசை பலவீனமாகும் மயோசைட்டிஸ் எல்லாம் இந்தக் குடும்பம்தான். திசு என்ற சொல் ஆங்கிலம் வழியாக நமக்கு வந்த பிரெஞ்சுச் சொல். பிரெஞ்சில் திஸ்யு என்றால் நெய்த துணி. எங்கள் வகுப்பில் துணிக்கடை பற்றிய பாடத்தில்தான் அந்தச் சொல்லை முதலில் படித்தேன். உடம்பு முழுவதும் இப்படித் துணி துணியாக நெய்யப்பட்டிருக்கிறது, ஒரே துணி பல உறுப்புகளில் இருக்கிறது, நோய் உறுப்புக்கு வருவதல்ல, துணிக்கு வருவது என்று சொன்னவர் பிஷா என்ற பிரெஞ்சு மருத்துவர். 1802 இல், முப்பது வயதில் இறந்துபோனார். அவர் நுண்ணோக்கியை நம்பவில்லை. அறுத்தும், ஊறவைத்தும், காயவைத்தும் பார்த்து இருபத்தொரு வகைத் திசுக்களைப் பிரித்தார்.

இருநூறு வருடத்துக்கு முன்பு அவர் சொன்னதை நாம் இன்னும் சரியாகக் காதில் வாங்கவில்லை என்பதுதான் என் குறை. விரல் மூட்டில் இருக்கும் இணைப்புத் திசு நுரையீரலிலும் இருக்கிறது. நம்மைக் காக்க வேண்டிய எதிர்ப்பு சக்தி ஆள் தெரியாமல் நம்மையே தாக்குவதுதான் இந்த நோய்களின் அடிப்படை. அது விரலில் வேலையைக் காட்டிவிட்டு நெஞ்சுக்குப் போகாது என்று எந்தச் சட்டமும் இல்லை. நுரையீரலில் காற்றுப் பைகளுக்கும் இரத்தக் குழாய்களுக்கும் நடுவே இருக்கும் மெல்லிய சுவரில் முதலில் அழற்சி வருகிறது, பிறகு அது தழும்பாகிறது. பஞ்சு மாதிரி விரிந்து சுருங்க வேண்டிய இடம், காய்ந்த பீர்க்கங்காய் நார் மாதிரி விறைத்துப்போகிறது. காற்று உள்ளே போகும், பிராணவாயு இரத்தத்தில் சேராது. டாக்டர்கள் சுருக்கமாக ஐ.எல்.டி. என்கிறார்கள்.

இது அபூர்வமா? ஸ்க்லீரோடெர்மா வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஸ்கேனில் நுரையீரல் பாதிப்பு தெரிகிறது. அந்த நோயில் உயிர் போவதற்கு முதன்மையான காரணமே நுரையீரல்தான். முடக்குவாதத்தில் பத்தில் ஒருவர் அளவுக்குத் தொந்தரவு கொடுக்கும் பாதிப்பு வருகிறது. வயதானவர்களுக்கும் புகைபிடிப்பவர்களுக்கும் அபாயம் அதிகம். நம் நாட்டில் 27 மருத்துவமனைகள் சேர்ந்து, இப்படி நுரையீரல் தழும்பு நோய் உள்ள 1084 பேரைப் பதிவு செய்து 2017 இல் வெளியிட்டார்கள். அவர்களில் நூற்றுக்குப் பதினான்கு பேர் அளவுக்கு இந்த இணைப்புத் திசு நோயால் வந்தது. சிலருக்கு மூட்டு வலிக்கு முன்பே இருமல் வந்துவிடுவதும் உண்டு.

*

இப்போது உப்புக்கு வருகிறேன்.

1816 இல் பாரிசில் நெக்கேர் மருத்துவமனையில் லாயெனெக் என்ற டாக்டர், ஒரு பெண்ணின் மார்பில் நேரடியாகக் காது வைத்துக் கேட்கக் கூச்சப்பட்டு, காகிதத்தைச் சுருட்டிக் குழாயாக்கிக் கேட்டார். ஸ்டெதாஸ்கோப் பிறந்தது அப்படித்தான். 1819 இல் புத்தகம் எழுதினார். நுரையீரலில் கேட்கும் ஒவ்வொரு சத்தத்துக்கும் அவருக்கு ஓர் உவமை வேண்டியிருந்தது. பொரிகிற மாதிரி கேட்கும் ஒரு சத்தத்துக்கு அவர் சொன்ன உவமை, பாத்திரத்தில் உப்பு சூடேறும்போது வெடிக்கும் சத்தம்.

அதைப் படித்த இரவு நான் சரியாகத் தூங்கவில்லை. அக்காவின் முழங்காலுக்கு ஒத்தடம் கொடுக்க என் மனைவி உப்பு வறுத்தபோது கேட்ட சத்தமும், அந்தப் பெண் டாக்டர் அக்காவின் முதுகில் கேட்ட சத்தமும் ஒரே ஜாதி. ஒன்று வீடு முழுக்கக் கேட்டது. இன்னொன்றை யாரும் குனிந்து கேட்கவில்லை.

இன்றைய டாக்டர்கள் உப்பைச் சொல்வதில்லை, வெல்க்ரோ சத்தம் என்கிறார்கள். இரத்த அழுத்தம் பார்த்துவிட்டுக் கைப்பட்டையைப் பிரிக்கும்போது பர்ரென்று வருமே, அது. அந்தச் சொல்லும் பாதி வெலூர், பாதி க்ரோஷே என்று இரண்டு பிரெஞ்சுச் சொற்களை ஒட்டியதுதான். வெலூர் என்றால் நம் வேலூர் இல்லை, வெல்வெட். க்ரோஷே என்றால் கொக்கி.

லாயெனெக் புத்தகம் வந்து நான்கு வருடத்தில், 1823 இல், எங்கள் புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள் மருத்துவப் பள்ளி ஆரம்பித்தார்கள். இன்றைய ஜிப்மரின் பூர்வீகம் அதுதான். ஆக, குழாய் வைத்து முதுகைக் கேட்பது நம் ஊருக்குப் புதிய வித்தை இல்லை. ஆனால் நான் பார்த்த வரையில், கூட்டம் நிறைந்த புறநோயாளிகள் பிரிவில், முக்கியமாகப் பெண்களுக்கு, முன்பக்கம் சேலைக்கு மேலேயே இரண்டு இடத்தில் வைத்து எடுத்துவிடுகிறார்கள். இந்த நோயின் சத்தம் பெரும்பாலும் பின்பக்கம், முதுகின் அடியில்தான் கேட்கும். அக்காவின் முதுகை முதல் ஐந்து டாக்டர்களும் பார்க்கவில்லை. அவர்களும் ஓடி ஓடி வேலை செய்தவர்கள்தான். காலையிலிருந்து நூறு பேரைப் பார்ப்பவரிடம் நான் என்ன சண்டை போடுவது?

*

சண்டை போடவில்லை. ஆனால் எனக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. தழும்பைத் திருப்பி எடுக்க முடியாது என்றால், முன்னால் கண்டுபிடித்து என்ன பயன் என்று என் சம்பந்தி ஒருமுறை கேட்டார். நல்ல கேள்வி. அக்கா காலத்திலேயே அதற்குப் பாதி பதில் இருந்தது, இப்போது இன்னும் கொஞ்சம் இருக்கிறது. ஸ்க்லீரோடெர்மா நுரையீரலுக்கு, சைக்ளோஃபாஸ்ஃபமைட் என்ற கடுமையான மருந்துக்குச் சமமாக மைக்கோஃபினோலேட் வேலை செய்கிறது, தொந்தரவும் குறைவு என்று 2016 இல் ஓர் ஆய்வு காட்டியது. தழும்பு பரவும் வேகத்தை நின்டெடனிப் என்ற மருந்து குறைக்கிறது என்று 2019 இல் தெரிந்தது. போன பஞ்சு திரும்பி வராது, இருக்கிற பஞ்சைக் காப்பாற்றலாம். அதனால்தான் முன்கூட்டியே என்ற சொல்லுக்கு இவ்வளவு மதிப்பு. முக்கால் நுரையீரல் இருக்கும்போது காப்பாற்றுவதும் கால் நுரையீரல் இருக்கும்போது காப்பாற்றுவதும் ஒன்றா? எல்லாருக்கும் மருந்து தேவைப்படும் என்பதும் இல்லை. சிலருக்கு லேசாக வந்து அப்படியே நின்றுவிடும். அவர்களை வருடா வருடம் பார்த்துக்கொண்டிருந்தால் போதும். ஆனால் யாருக்கு நிற்கும், யாருக்கு ஓடும் என்பது பார்த்தால்தானே தெரியும்?

அமெரிக்காவின் மூட்டு மருத்துவர் சங்கமும் நெஞ்சு மருத்துவர் சங்கமும் சேர்ந்து 2023 இல் ஒரு வழிகாட்டுதல் தந்தன. இந்த நோய்களில் நுரையீரல் அபாயம் அதிகமுள்ளவர்களுக்கு, தொந்தரவு தெரியும் வரை காத்திருக்காமல், ஊதும் பரிசோதனையும் எச்.ஆர்.சி.டி. என்ற நுணுக்கமான ஸ்கேனும் செய்து பாருங்கள் என்கிறது அது. சாதாரண எக்ஸ்ரே மட்டும் போதாது, ஆரம்பத்தில் அதில் ஒன்றும் தெரியாமல் போகலாம். விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டரை நம்பி இருந்துவிடுவதும் தவறு. கொரோனா நாட்களில் எல்லா வீட்டிலும் ஒன்று வாங்கினோம். உட்கார்ந்திருக்கும்போது 97 காட்டும், கொஞ்சம் நடந்தால் 88 க்கு இறங்கும், அப்படியும் ஆட்கள் உண்டு. நடந்துவிட்டுப் பார்த்து எண் இறங்கினால் டாக்டரிடம் ஓடுங்கள். இறங்கவில்லை என்பதால் நுரையீரலில் ஒன்றும் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். குளிரில் விரல் வெளுத்துப்போகும் தொந்தரவு உள்ளவர்களுக்கு அந்தக் கருவி சரியான எண்ணைக் காட்டாமலும் போகலாம்.

விரல் வெளுப்பது பற்றிச் சொன்னேன். எதிர்வீட்டுப் பெண்ணின் கதை அங்கேதான் ஆரம்பித்தது. நான்கு வருடத்துக்கு முன்பு, குளிர்பெட்டியிலிருந்து பால் பாக்கெட்டை எடுத்தவள், "மாமா, பாருங்களேன்" என்று விரலைக் காட்டினாள். நுனி சுண்ணாம்பு மாதிரி வெள்ளை. கொஞ்ச நேரத்தில் நீலம், பிறகு சிவப்பு. இதற்கு ரேனோ என்று பெயர். 1862 இல் பாரிசில் தன் பட்டப் படிப்பு ஆய்வேட்டில் இதை எழுதிய மாணவரின் பெயர் அது. பலருக்கு இது வெறும் குளிர்த் தொந்தரவுதான், பயப்பட வேண்டியதில்லை. ஆனால் அவளுக்கு விரல் தோலும் பளபளவென்று இறுகியிருந்தது. அக்காவிடம் பாடம் படித்தவன் சும்மா இருப்பேனா? அவள் அம்மாவிடம் சொல்லி, மூட்டு வாத மருத்துவரிடம் அனுப்பி வைத்தேன். ஸ்க்லீரோடெர்மா. அவளுக்கு இருமல் கிடையாது, மூச்சு வாங்குவதும் கிடையாது. ஆனாலும் அவர் அன்றைக்கே நுரையீரல் ஸ்கேனுக்கு எழுதினார். அடியில் லேசாக ஆரம்பித்திருந்தது. மருந்து ஆரம்பித்தார்கள். இன்று 62 ஆம் பக்கத்தில் "மாற்றமில்லை". அவள் தினமும் பஸ் ஏறி வேலைக்குப் போகிறாள்.

அக்காவை விட அவள் அதிர்ஷ்டசாலி என்று சொல்வார்கள். எனக்கு அந்தச் சொல் பிடிக்கவில்லை. ஒரு நோயாளியின் மூச்சு, எதிர்வீட்டில் ஒரு கிழவன் இருக்கிறானா இல்லையா என்பதை நம்பி இருக்கக் கூடாது. அதிர்ஷ்டத்தால் நடப்பதை நடைமுறையாக மாற்றுவதற்குத்தானே அலுவலகம், படிவம், விதி எல்லாம்?

என் யோசனை ஒரு கிளார்க்கின் யோசனை. படிவத்தில் ஒரு கட்டம் போடுங்கள். கட்டம் இருந்தால் யாராவது அதை நிரப்பியே ஆக வேண்டும். நிரப்ப வேண்டுமென்றால் கேட்டே ஆக வேண்டும். மூட்டு நோய்ப் பிரிவின் சீட்டில் மூன்று வரி: வறட்டு இருமல் உண்டா, போன வருடம் ஏறிய படியை இந்த வருடம் ஏற முடிகிறதா, முதுகில் கேட்டாயிற்றா. நெஞ்சு நோய்ப் பிரிவின் சீட்டில் மூன்று வரி: காலையில் விரல் விறைப்பு எவ்வளவு நேரம், குளிரில் விரல் வெளுக்கிறதா, கண்ணும் வாயும் வறள்கிறதா. ஆறு வரிக்கு ஆகும் அச்சுச் செலவு எவ்வளவு? டாக்டருக்கு நேரமில்லை என்றால் சீட்டு எழுதும் இடத்தில் செவிலியரே கேட்கலாம். "போன வருடம் ஏறிய படி" என்று கேட்க வேண்டும் என்பதை வலியுறுத்திச் சொல்கிறேன். "மூச்சு வாங்குதா?" என்று கேட்டால் என் அக்கா மாதிரி எல்லாரும் இல்லை என்றுதான் சொல்வார்கள்.

மருத்துவ நண்பர் ஒரு மறுப்புச் சொன்னார். எல்லாரையும் ஸ்கேனுக்கு அனுப்பினால் செலவு, கதிர்வீச்சு, அதோடு பயம். முழங்கால் வலி என்று வரும் ஒவ்வொரு கிழவியும் நுரையீரல் போய்விட்டது என்று நடுங்குவாள் என்றார். உண்மைதான். தேய்மானத்தால் வரும் முழங்கால் வலிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நான் எல்லாருக்கும் ஸ்கேன் கேட்கவில்லை. இணைப்புத் திசு நோய் என்று உறுதியானவர்களுக்கு அந்தக் கேள்விகளைக் கேளுங்கள், முதுகைக் கேளுங்கள், அபாயம் உள்ளவர்களுக்கு ஸ்கேன் எழுதுங்கள் என்கிறேன். பயத்தைப் பற்றிச் சொன்னால், தெரிந்துகொண்டு பயப்பட்ட எதிர்வீட்டுப் பெண்ணையும் பார்த்தேன், தெரியாமல் நிம்மதியாக இருந்த அக்காவையும் பார்த்தேன். எது மேல் என்று எனக்குச் சந்தேகமில்லை.

இன்னொரு பயத்தையும் சொல்லிவிடுகிறேன். முடக்குவாதத்துக்கு வாரம் ஒரு நாள் கொடுக்கும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை நுரையீரலைக் கெடுக்கும் என்று கேள்விப்பட்டுத் தாங்களாகவே நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. அபூர்வமாக, பெரும்பாலும் ஆரம்ப மாதங்களில், அது திடீரென்று நுரையீரலில் அழற்சியை உண்டாக்கலாம். காய்ச்சலும் மூச்சுத் திணறலும் வந்தால் அன்றைக்கே டாக்டரிடம் சொல்ல வேண்டும். ஆனால் மெதுவாக வரும் தழும்புக்கு அந்த மாத்திரைதான் காரணம் என்ற பழைய சந்தேகத்தைச் சமீபத்திய ஆய்வுகள் ஆதரிக்கவில்லை. மூட்டு நோயைக் கட்டுப்படுத்தாமல் விடுவதுதான் பெரிய அபாயம். டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். வார மாத்திரையைத் தினமும் சாப்பிட்டும் விடாதீர்கள், அது உயிருக்கே ஆபத்து.

*

அரசாங்கமும் மருத்துவமனைகளும் படிவத்தை எப்போது மாற்றும் என்று எனக்குத் தெரியாதா? அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தவன் நான். ஆகவே அதுவரை வேலை நம்முடையது. உங்கள் வீட்டில் முடக்குவாதமோ லூபஸோ வேறு எந்த இணைப்புத் திசு நோயோ உள்ளவர் இருந்தால், இன்று இரவு பீரோவைத் திறந்து பாருங்கள். காகிதங்கள் எத்தனை உறையில் இருக்கின்றன? எல்லாவற்றையும் ஒரே கோப்பில், தேதி வரிசையில் கோத்துப் பக்க எண் போடுங்கள். முதல் பக்கத்தில் ஒரே தாளில் எல்லா நோயின் பெயரும், சாப்பிடும் எல்லா மாத்திரையும் எழுதுங்கள். பல் டாக்டரிடம் போனாலும் அந்தக் கோப்பு கூடப் போகட்டும். இருமல் மூன்று வாரம் நிற்கவில்லை என்றால், "இவருக்கு முடக்குவாதம் இருக்கிறது, முதுகிலும் கேளுங்கள் டாக்டர்" என்று நீங்களே சொல்லுங்கள். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். கூடவே, வீட்டில் பீடி, சிகரெட் இருந்தால் நிறுத்தச் சொல்லுங்கள். ஃப்ளூவுக்கும் நிமோனியாவுக்கும் தடுப்பூசி போடலாமா என்றும் கேட்டுவிடுங்கள்.

அக்காவின் பச்சை உறையும் நீல உறையும் இன்னும் என்னிடம் இருக்கின்றன. காரியங்கள் எல்லாம் முடிந்த பிறகு ஒரு நாள் மத்தியானம் இரண்டையும் பிரித்து, ஒரே கோப்பாகக் கோத்து, பழக்க தோஷத்தில் மேலே "இணைப்புக் கோப்பு" என்று எழுதினேன். மொத்தம் 143 பக்கம். என் மனைவி பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. எதிர்வீட்டுப் பெண்ணின் கோப்பு அதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அடுத்த பரிசோதனை ஆடி மாதம். 63 ஆம் பக்கத்துக்குக் காத்திருக்கிறேன்.